அன்னக்கொடி பியானோ வாங்கிய கதை

அன்னக்கொடிக்கு பியானோ வாசிக்கத் தெரியும் என்பது போடியில் அவள் கணவர் முத்துப்பாண்டியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவருக்குமே அது காதில் கேட்ட சேதிதான். அவள் வாசித்து அவர் பார்த்ததில்லை. மதுரையில் கன்னியர் மட விடுதியில் தங்கிப் படித்தபோது ஸ்டெல்லா சிஸ்டர் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிய கையோடு கல்யாணம். அப்புறம் மாமனாரின் வைத்தியம், இரண்டு பிள்ளைகள், சீசனில் ஏலக்காயைத் தரம் பிரிக்கிற சோலி என்று வருஷங்கள் ஓடிப்போயின.

ஆசை மட்டும் எங்கேயும் போகவில்லை. டிவியில் யாராவது பியானோ முன்னால் உட்கார்ந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள், வாசிக்கிறவர்களின் கையையே பார்ப்பாள். முடிந்ததும் திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைப்பாள்.

போன வருஷம் மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. மகன் மனோஜ் பெங்களூரில் வேலை பார்க்கிறான். முத்துப்பாண்டி போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போனால் சனிக்கிழமைதான் இறங்குவார். வாரம் முழுக்க வீட்டில் அவள் ஒருத்திதான்.

ஒரு சனிக்கிழமை அவர் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். "மேல ஒரு எஸ்டேட் பங்களாவ வித்துட்டாங்க. சாமானெல்லாம் வெளிய போகுது. உள்ள ஒரு பியானோ கெடக்காம். பாக்குறியா?"

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "நெசமாவா?"

"பெறகு, வெளையாட்டுக்கா சொல்றேன்?"

மறுநாள் ஜீப்பில் ஏறினார்கள். வளைவு வளைவாக மலை ஏறியது ஜீப். பங்களாவுக்குள்ளேயே மூடுபனி நின்றது. காவல்காரர் மலைச்சாமி போர்த்தியிருந்த சாக்கை இழுத்துவிட்டு, "தொட்டுப் பாருங்க அக்கா" என்றார்.

மூடியைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடித்தது. ஒரு கட்டையை அமுக்கினாள். உள்ளே போனது எழும்பி வரவில்லை. இன்னொன்றில் சத்தமே இல்லை. நடுவில் ஒரே ஒரு கட்டை மட்டும் சுத்தமாக ஒலித்தது. அந்த ஒன்றையே திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதையே எடுத்துக்கலாங்க" என்றாள்.

முத்துப்பாண்டி, மதுரையில் பியானோ பழுது பார்க்கிற ஒருவரை வீடியோவில் கூப்பிட்டார். அவர் உள்ளே டார்ச் அடிக்கச் சொல்லிப் பார்த்தார். "கம்பியெல்லாம் துருப்பிடிச்சிருச்சும்மா. முறுக்குனா அறுந்துரும். மரமும் ஈரத்துல ஊறிப்போச்சு. இனி இது பாடாது."

அன்னக்கொடி மெதுவாக மூடியை மூடினாள். மலை இறங்கும்போது முந்தானை அவள் முகத்தைவிட்டு இறங்கவில்லை. முத்துப்பாண்டி ரோட்டைப் பார்த்தபடியே வந்தார்.

விஷயம் கேள்விப்பட்டு மனோஜ் போன் பண்ணினான். "எதுக்கும்மா அம்புட்டுப் பெரிய சாமான்? ஒரு கீபோர்டு ஆர்டர் போட்டு விடுறேன், வெரசா வந்துரும்."

"கீபோர்டு வேணாம்யா."

"ரெண்டும் ஒரே சத்தந்தாம்மா."

"சத்தத்துக்காகச் சொல்லலய்யா. அமுக்குனா உள்ள ஒண்ணு போயி கம்பியத் தட்டணும். தட்டுறது நம்ம வெரலுக்குத் தெரியணும்."

இதைப் பக்கத்தில் நின்று கேட்ட முத்துப்பாண்டி அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போகவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு ரயில் ஏறினார்.

பழுது பார்க்கிறவரின் கொட்டகையில் மூன்று பியானோக்கள் விற்பனைக்கு இருந்தன. வெள்ளை நிறத்தில் பளபளவென்று இருந்ததை அமுக்கினாள். தட்டு கீழே விழுந்த மாதிரி ஒலித்தது. பெரிய கறுப்புப் பியானோ அவளுக்குப் பிடித்தது. ஆனால் அது அவர்கள் வீட்டு வாசலில் நுழையாது. மூலையில் கீறல் விழுந்த பழுப்புப் பியானோ ஒன்று இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தாள். கையைத் தூக்கினாள், வைத்தாள், மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"கை மறந்துருச்சுங்க" என்றாள்.

முத்துப்பாண்டி பழுது பார்க்கிறவரின் தோளைத் தொட்டார். "வாங்கண்ணே, ஒரு டீ குடிச்சுட்டு வருவோம்."

எதிர்க்கடையில் நின்றார்கள். பஸ், ஆட்டோ சத்தத்துக்கு நடுவே கொட்டகைக்குள்ளிருந்து ஒவ்வொரு ஒலியாக வந்தது. தடுக்கியது. நின்றது. பிறகு ஒரு பாட்டு எழுந்து நடக்கத் தொடங்கியது. முத்துப்பாண்டிக்குக் கையில் டீ இருப்பதே மறந்துவிட்டது. கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் இது இவளுக்குள்ளேதான் இருந்ததா என்று நினைத்தார்.

திரும்பி வந்து கேட்டார், "இதுதானா?"

"இதுதாங்க."

"என்ன பாட்டு அது?"

"ஸ்டெல்லா சிஸ்டர் சொந்தமா கட்டுன பாட்டு. நடுவுல கொஞ்சம் வரமாட்டேங்குது. வீட்டுக்குப் போயி உக்காந்தா வந்துரும்."

ஏலக்காய் மூட்டை தூக்குகிற ஆட்கள் பியானோவை லாரியிலிருந்து இறக்கி முன்னறையில் வைத்தார்கள். தெருவே வந்து பார்த்தது. அன்னக்கொடி வாசித்தாள். எல்லோரும் சந்தோஷமாகக் கலைந்து போனார்கள். அந்த நடுப்பகுதி மட்டும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

பொறுக்காமல் மதுரை விடுதிக்குப் போன் போட்டாள். போனை எடுத்தவர் இளவயது சிஸ்டர். ஸ்டெல்லா சிஸ்டர் வடக்கே மாற்றலாகிப் போய் அங்கேயே இறந்துவிட்டதாகச் சொன்னார். அந்தப் பாட்டை அங்கே யாருமே கேட்டதில்லை. அது இப்போது உலகத்தில் இருப்பது அன்னக்கொடியின் விரல்களில் மட்டும்தான், அதுவும் அரைகுறையாகத்தான். அன்றைக்கு அவள் பியானோவைத் தொடவில்லை.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் மலையிலிருந்து முத்துப்பாண்டி கூப்பிட்டார். "போனப் பியானோ மேல வச்சுட்டு வாசி. கேக்குறேன்."

வாசித்தாள். அந்த இடம் வந்ததும் கை நின்றது.

"ஏன் நின்னுருச்சு?"

"அதுக்கு மேல வரலைங்க."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது.

"சரி," என்றார். "மொதல்ல இருந்து வாசி."