தவக்காலத்தில் வாங்கிய நெத்திலி

குட்டி போடும் நேரத்தில் எங்கள் பூனை சுந்தரி காணாமல் போனது. திண்டிவனத்தில் தெருத் தெருவாகத் தேடினேன். எனக்கு எதிர்வீட்டு ரோஸ்மேரி அக்கா மேல்தான் சந்தேகம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்க மீனே தொடாதவர், இந்த முறை தினமும் நெத்திலி வாங்கினார். கேட்டால், "சும்மாதாம்மா" என்று கதவைச் சாத்தினார்.

ஒருநாள் பொறுக்காமல் உள்ளே நுழைந்துவிட்டேன். கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்குள், வைக்கோல் மேல் சுந்தரி குட்டிகளோடு படுத்திருந்தது.

"திருடி வெச்சிக்கினு சும்மாவா?" என்று கத்தினேன்.

"மெதுவா பேசும்மா. அதுவா வந்துதான் குட்டி போட்டுச்சு. ஆளுங்க பாத்தா தாய்ப்பூன குட்டிய வேற எடத்துக்கு தூக்கிக்கினு பூடும்னுதான் சொல்லல."

நான் நம்பவில்லை. மறுநாள் கூடையோடு போனேன். பெட்டியில் வைக்கோல் மட்டும் இருந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. மீதி நெத்திலியைக் கையில் கொடுத்து, "உங்க வூட்டாண்ட வந்தா போடு" என்றார்.

அன்று வாசலில் நெத்திலியை வைத்துவிட்டு, எட்டிப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டேன்.