முனிரத்தினம் எடுத்த தூசிப் படம்

முனிரத்தினம் போய்விட்டார் என்ற செய்தி அஞ்சலட்டையில் வந்தது. நகரியிலிருந்து அவருடைய அக்கா செங்கம்மா யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருந்தார். "தம்பி வெள்ளிக்கிழமை காத்தால பூட்டான். மூணு நாள் ஜுரம். உங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு." சாவுச் செய்தி வந்த அட்டையைப் படித்தவுடன் கிழித்துவிட வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். எனக்குக் கை வரவில்லை. ஆயுள் முழுக்கக் குமாஸ்தாவாக இருந்தவன். வந்த காகிதத்துக்கு நம்பர் போட்டு வைத்தே பழக்கம்.

நகரி கடைத்தெருவில் அவரிடம் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். "சிரிக்காத நைனா, படத்துல பல்லு மட்டும்தான் வரும்" என்று மாப்பிள்ளையை அதட்டும் போட்டோக்காரராக அவரை நினைவு வைத்திருப்பீர்கள். எனக்கு அவர் முதலில் எதிராளியாகத்தான் அறிமுகம். அவர் கொண்டுவந்த படங்களை இரண்டு முறை திருப்பி அனுப்பிய பாவி நான்தான்.

ஆந்திரம் தனி மாநிலமாகி, எந்தக் கிராமம் எந்தப் பக்கம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். எல்லையோரத் தாலுகா ஆபீஸ் ஒன்றில் மனுக்களுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. செங்கம்மா புருஷனை இழந்தவர். ஒன்றரை ஏக்கரில் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி வேர்க்கடலை போட்டிருந்தார். இரண்டு போகத்தையும் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றுவிட்டன. காட்டோரம் அகழி வெட்டித் தரும்படி மனு கொடுத்தார். கிழக்கே மலை, அது எங்கள் ஆந்திரப் பக்கம். தெற்கே புதர்க்காடு, அது சென்னை ராஜ்ஜியத்தோடு சேரும் என்று பேச்சு. பன்றி தெற்கிலிருந்து வருகிறது என்று நாங்கள் எழுதினோம். மலையிலிருந்துதான் வருகிறது என்று சென்னைக்காரர்கள் எழுதினார்கள். யார் காட்டுப் பன்றியோ அவர்கள்தானே அகழி வெட்ட வேண்டும்! "இந்த போகமும் பூட்டா நெலத்த வித்துட்டு பட்டணத்துக்குச் சித்தாள் வேலைக்குத்தான் போவணும் சார்" என்று செங்கம்மா என் மேஜை முன்னால் நின்று சொன்னார். நான் தலையை நிமிர்த்தாமல் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதினேன்.

மறுவாரம் தம்பி வந்தார். கிளறிப் போட்ட செடிகளும் குளம்புத் தடங்களுமாக ஒரு படம். 'விலங்கு எதுவும் காணப்படவில்லை' என்று திருப்பினேன். பத்து நாள் கழித்து இன்னொன்று கொண்டுவந்தார். உதய சூரியனுக்கு எதிரே ஏழெட்டுக் கறுப்பு உருவங்கள். 'எருமைக் கன்றுகளாகவும் இருக்கலாம். தெளிவில்லை' என்று சிவப்பு மையில் எழுதினேன். அவர் அதை நிதானமாகப் படித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்; படவில்லை.

"சூரியன முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கினு எடுக்கக்கூடாதா என்ன?" என்று ஆபீசுக்கே கேட்கும்படி எகத்தாளமாகக் கேட்டேன்.

"பன்னிக்கு நான் சொன்னா எங்க கேக்குது சார்? கெழக்கப் பாத்துதான் போவுது. நீங்களே ஒரு நாள் வந்து பாருங்க. வெள்ளச் சொக்கா வேணாம். தலைக்கு வாசனை எண்ணெ வேணாம்."

ஏன் போனேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் வீம்பு, கொஞ்சம் உறுத்தல். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், அந்தக் கோப்பையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன். விடியுமுன் என் மேல் ஒரு சாக்கைப் போர்த்தி வரப்போரம் உட்காரவைத்தார். அதற்கு முன்பே பதினோரு விடியல்கள் அவர் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாராம். கடையைப் பத்து மணிக்குத்தான் திறக்கிறார் என்று ஊரில் ஏசிக்கொண்டிருந்தார்கள்.

"இருட்டுல வரச்சொல்ல எங்கிருந்து வருதுன்னு எவனுக்குத் தெரியும்? விடிஞ்சா வூட்டுக்குத்தானே போவணும். அந்த வழியப் புடிச்சா போதும்" என்றார் காதோடு.

மலைக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. கடலைக்காட்டிலிருந்து கூட்டம் கிளம்பி, பங்குனி வெயிலில் மாவாகிக் கிடந்த தரிசில் இறங்கி ஓடியது. நான் பன்றியைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. "கண்ணாடில வெயில் அடிக்குது சார், மறைங்க!" என்றார். குடையில்லை, தொப்பியில்லை. கோப்பின் அட்டையைக் காமிராவுக்கு மேலே நீட்டிப் பிடித்தேன். இரண்டு முறை மறுத்த அந்தக் கோப்பு முதன்முதலாக ஒரு உபகாரம் செய்தது. பன்றிகள் பாதி தூரம் போன பிறகும் அவர் அழுத்தவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கடைசிப் பன்றி மலையடிவாரத்தைத் தொட்டபோதுதான் அழுத்தினார்.

கழுவி எடுத்த படத்தைப் பார்த்தபோது புரிந்தது. பன்றிகள் புள்ளிகளாகத்தான் இருந்தன. ஆனால் அவை கிளப்பிய தூசி, எதிர்வெயில் பட்டு, செங்கம்மாவின் கடலைக்காட்டிலிருந்து மலையடிவாரம் வரை அறுபடாமல் ஒரே கோடாக நின்றது. தெற்கே ஒரு துளி தூசி இல்லை. மேல் மூலையில் மட்டும் கறுப்பாக ஏதோ மறைத்திருந்தது. அதை வெட்டிவிடச் சொன்னேன்.

"வெட்ட மாட்டேன் சார். ஆபீசும் அன்னைக்கு அங்க இருந்துதுன்னு தெரியட்டும்" என்றார். எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை.

படத்தைக் கோப்பில் சேர்த்து எங்கள் அதிகாரி முன் வைத்தேன். அந்த மூலையில்தான் அவர் விரல் போய் நின்றது. "ஏமய்யா, ஈ மூலலோ நல்லகா ஏமுந்தி?" அது என்ன கறுப்பு என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உத்தரவில்லாமல் கோப்பை வெளியே கொண்டுபோய், மனுதாரர் தம்பிக்கு உதவியவன் என்று தெரிந்தால் வேலைக்கே உலை. இருந்தும், அது நான் பிடித்த கோப்பு அட்டை என்றும், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன் என்றும் சொன்னேன். "அயிதே நுவ்வே ராய்" என்று அவர் கோப்பை என் பக்கம் தள்ளினார். நீயே எழுது என்றால் எழுதவேண்டியதுதானே. 'நேரில் கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் உத்தியோகத்தில் அந்த இரண்டு வார்த்தைகளை அதற்கு முன் நான் எழுதியதில்லை.

மழைக்கு முன் மலையோரம் அகழி வெட்டினார்கள். பின்னால் எல்லைக்கோடும் முடிவாயிற்று. நான் இந்தச் சென்னைப் பக்கம் மாற்றலாகி வந்தேன். அவர் அங்கேயே இருந்தார். பஸ் ஏற்ற வந்தவர், அந்தப் படத்தின் பிரதி ஒன்றை ஜன்னல் வழியே நீட்டினார்.

கருமாதிக்குப் போயிருந்தேன். செங்கம்மா ஒரு முறம் நிறைய அவித்த கடலையை என் முன்னால் வைத்தார். "துன்னுங்க சார். அந்த நெலத்துதுதான்" என்றார். அழுதேன், வெட்கப்படாமல்.

எத்தனையோ பேரை அவர் படம் எடுத்திருக்கிறார். என்னை உட்காரவைத்து ஒரு முறைகூட எடுத்ததில்லை. ஆனால் என் மேஜைக்கு மேலே அந்தத் தூசிப் படம் தொங்குகிறது. பார்க்கிறவர்கள் பன்றியைத் தேடுவார்கள், பிறகு மூலையில் கறுப்பாக இருப்பது என்ன என்று கேட்பார்கள்.

அது நான்தான் என்று சொல்வேன்.