முனியம்மாவின் செவலையும் ஐயருக்கு வைத்த விருந்தும்

பினாயில் வாசனை, அதற்கு மேல் சூடான பன் வாசனை... இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் அது ஞாயிற்றுக்கிழமை மதியம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்தோம். என் அம்மா ஸ்டெல்லா, சர்ச் பெண்கள் சங்கத்துத் தலைவி. ஆராதனை முடிந்ததும் பை நிறையப் பன்னோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார். பை தூக்க நான். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வாரம் முழுக்க ஆபீஸில் மேடம், ஞாயிறானால் கூலி!

கட்டிலுக்கு ஒரு பன், ஒரு ஜெபம். அம்மாவின் ஜெபம் ஆதியாகமத்தில் ஆரம்பித்தால் வெளிப்படுத்தின விசேஷத்தில்தான் போய் நிற்கும். நடுவில் அதை யாரும் நிறுத்தியதில்லை... முனியம்மாவைத் தவிர.

முனியம்மா ஜோகுபாளையத்துக்காரர், தனி ஆள். வயிற்றில் கட்டி, மறுநாள் ஆபரேஷன். தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் திட்டிவிட்டுப் போயிருந்தார். இவரோ துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகிறேன் என்று கட்டிலில் ரெடியாக உட்கார்ந்திருந்தார்.

அம்மா கண்ணை மூடினார். "அன்பின் பரலோகப் பிதாவே..."

"இரும்மா. உங்க சாமிகிட்ட அப்பால பேசிக்கலாம். என் செவலைய வூட்டுக்குள்ள வெச்சிப் பூட்டிகினு வந்துட்டேன். அதுக்கு யாரு தண்ணி வெப்பா?"

செவலை என்பது அவருடைய கோழி.

அம்மா ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். பரலோகப் பிதா பாதியில் நிற்கிறார், எனக்கோ சிரிப்பு முட்டுகிறது. அம்மா கையை நீட்டி, "சாவியக் குடுங்க. நீங்க வீட்டுக்கு வர்ற வரைக்கும் உங்க கோழி என் பொறுப்பு. ஆபரேஷன் பண்ணிக்கணும், சரியா?" என்றார்.

முனியம்மா அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு சாவியைக் கொடுத்தார்.

அப்புறம் ஜோகுபாளையத்தில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! சர்ச்சுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு அம்மா கட்டிலுக்கு அடியில். கோழி அலமாரி மேல். பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று, கோழி திருடிகள் வந்துவிட்டார்கள் என்று கன்னடத்தில் தெருவையே கூட்டிவிட்டார். அம்மா சாவியைக் காட்டி, பைபிளைக் காட்டி, அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தார். கடைசியில் அந்தம்மாதான் கோழியைப் பிடித்துக் கொடுத்தார்.

ஆட்டோவில், பன் பைக்குள்ளிருந்து செவலை எட்டிப் பார்த்தது. அம்மா தலைமுடியிலிருந்து இறகை எடுத்தபடி, "ஆண்டவர் இன்னிக்கு என்னை ஜெபம் பண்ணக் கூப்பிடல, கோழி புடிக்கக் கூப்பிட்டிருக்காரு. அவ்ளோதான்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செவலை எங்கள் பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் ராஜ வாழ்க்கை வாழ்ந்தது. சனிக்கிழமை காலை வரை.

அன்றுதான் அப்பா ஹூப்ளி கேம்ப் முடிந்து வந்தார். ஞாயிறு மதியம் ஐயர் விருந்துக்கு வருவது அவருக்குத் தெரியும். எங்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் வந்தால் கோழி அடிப்பது எங்கள் வீட்டுச் சட்டம். மரத்தடியில் கொழுகொழுவென்று ஒரு கோழி... மனுஷன் வேறென்ன நினைப்பார்? வாழ்க்கையிலேயே முதல்முறையாக, யாரும் கேட்காமல் வீட்டு வேலை ஒன்றைச் செய்துவிட்டார்.

சங்கக் கூட்டம் முடிந்து வந்த அம்மாவிடம் பெருமையாக, "ஸ்டெல்லா, நீ அலைய வேணாம். கோழியை பாய்கிட்ட குடுத்துட்டேன்" என்றார்.

அம்மா போட்ட சத்தம் கறிக்கடைக்கே கேட்டிருக்கும். "அந்தப் பொம்பள என்னை நம்பி வயித்தக் கிழிக்கக் குடுத்தாங்க!" என்று அழுதுகொண்டே தெருவில் ஓடினார். பின்னால் நான், எனக்குப் பின்னால் வேட்டியைப் பிடித்தபடி அப்பா.

கடையில் பாய் எங்களை விநோதமாகப் பார்த்தார். "அரே, ஏம்மா அழுவுறீங்க? தராசுல வெச்சேன், முட்டை போட்டுடுச்சி. முட்டை போடுற கோழிய எப்டி அறுக்கிறது? சாரை ஒரு வார்த்தை கேக்கலாம்னு வெச்சிருக்கேன்."

மறுநாள் அந்த முட்டைதான் ஐயருக்கு ஆம்லெட். கூடவே கத்திரிக்காய்க் குழம்பு. அவர் கண்ணை மூடி உணவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது, செவலை நிதானமாக ஹாலுக்குள் நடந்து வந்தது. ஐயர் கண்ணைத் திறந்து கோழியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா அசையவேயில்லை. "குழம்பு ஊத்தட்டுமா ஐயா?"

அந்த வாரமே முனியம்மா வீடு திரும்பி, செவலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் அம்மாவின் முதல் கேள்வியே மாறிவிட்டது. "வீட்ல ஏதாச்சும் பாத்துக்கணுமா?" ஜெபம் அப்புறம்தான், அதுவும் கொஞ்சம் சின்னதாக.

அம்மா இப்போது இல்லை. சமீபத்தில் எனக்கே ஒரு ஆபரேஷன். சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அன்பாகத்தான் போட்டிருப்பார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் போன் நிறைந்த அளவுக்கு மனசு நிறையவில்லை.

அப்போது மாடி வீட்டுக் கவிதா போனில் கூப்பிட்டாள். ஈரோட்டிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த பெண், சர்ச் பக்கமே வந்ததில்லை.

"அக்கா, உங்க பூனைக்கு சோறு வச்சுட்டேன்... நல்லா சாப்பிட்டுச்சு. நீங்க வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

தேங்க்ஸ் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்... "ஆமென்" என்று வந்துவிட்டது.

"அக்கா? ஹலோ? மயக்கம் இன்னும் தெளியலையா?" என்றாள் அவள்.