வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு கடிதம்

எங்கள் வீட்டுவசதி உதவி அலுவலகத்தில் நாங்கள் அக்கா என்று கூப்பிடும் களப்பணியாளருக்கு வேலை நாற்காலியில் இல்லை, காலில். வீடில்லாதவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று நேரில் பார்த்து எழுதிவர வேண்டும். பதினோரு வருடத்தில் செருப்பு தேய்ந்தது, முழங்கால் தேய்ந்தது, காத்திருப்போர் பட்டியல் மட்டும் தேயவில்லை. நான் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன். அவர் கொண்டுவரும் தாள்களைத் தட்டச்சு செய்வதோடு என் வீரம் முடிந்துவிடும்.

வீடில்லாதவர்களுக்கு வாடகை அறை தரும் இந்தத் திட்டம் எப்படி நடக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். வாடகையில் பெரும் பங்கை அரசு தருகிறது, அதில் பொய் இல்லை. ஆனால் அறை கிடைக்கும்வரை நான்கு மாதத்துக்கு ஒருமுறை 'இன்னும் உதவி தேவையா?' என்று ஒரு கடிதம் போகும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவோம். பேருந்து நிறுத்தத்தில் படுப்பவருக்கு எந்தக் கதவுக்குக் கடிதம் போகும்? மேலே இருக்கும் யாருக்கும் இது தோன்றவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் படுக்கும் பெயிண்டர் ஒருவரின் கோப்பு அப்படி இரண்டு தடவை மூடப்பட்டது. அறுபதைத் தாண்டியவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனது, வேலை போனது, பின்னாலேயே வாடகை அறையும் போனது. மூன்றாவது மனு எழுதும்போது அக்கா பொறுக்க மாட்டாமல் முகவரிக் கட்டத்தில் தன் வீட்டு முகவரியையே எழுதிவிட்டார். கடிதம் வந்தால் அக்கா கொண்டுபோய்க் கொடுப்பார், பெயிண்டர் கையெழுத்துப் போடுவார். நான்கு வருடம் இப்படியே ஓடி, பட்டியலில் அவர் இரண்டாவது பெயராக வந்து நின்றார். தரைத்தளத்தில் ஓர் அறை காலியாகப் போகிறது என்றும் தெரிந்துவிட்டது.

அப்போது பார்த்துப் புதிய கணினி முறை வந்து சேர்ந்தது. முகவரி இருப்பவன் வீடு இருப்பவன் என்று அது தானாகவே முடிவு கட்டியது. ஒரு திங்கட்கிழமை காலையில் திறந்தால், பட்டியலிலேயே பெயிண்டர் இல்லை.

அக்கா என் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நான் எழுதினதுதானே தம்பி. நல்லது பண்றேன்னு அந்த மனுஷன் தலையில மண்ண வாரிப் போட்டுட்டேன்."

பிரிவுத் தலைவரிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"புதுசா மனு குடுக்கச் சொல்லுங்க. எப்படியும் நாலஞ்சு வருஷத்துல வந்துடும்."

"அந்த இடுப்ப வெச்சுக்கிட்டு இன்னும் நாலு வருஷம் சிமெண்ட் பெஞ்சுல படுக்க முடியுமா சார்?"

"நான் என்னம்மா பண்றது? கம்ப்யூட்டர் ஒத்துக்க மாட்டேங்குதே."

பழியைக் கணினி மேல் போட்டுவிட்டால் எல்லோருக்கும் மதியத் தூக்கம் நன்றாக வரும்.

டீ குடிக்கும்போது வாய்க்கொழுப்பில் நான் ஒன்று சொன்னேன். எங்களிடம் இன்னொரு திட்டமும் இருக்கிறது. வீட்டிலிருந்து வெளியேற்றப்படப் போகிறவரைத் தெருவுக்கு வருமுன்பே பிடித்து நிறுத்துவது. காலி செய்யச் சொல்லும் கடிதம் கையில் இருந்தால் முப்பது நாளுக்குள் அறை. தெருவில் கிடப்பவனுக்கு நான்கு வருடம், தெருவுக்கு வரப்போகிறவனுக்கு முப்பது நாள்.

"கம்ப்யூட்டர் கணக்குப்படி அவரு உங்க வீட்லதான இருக்காரு? பேசாம நீங்களே அவரத் தொரத்திவிட்ருங்கக்கா."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வெள்ளப் பேப்பர் குடு" என்றார்.

'என் வீட்டில் நான்கு வருடமாகத் தங்கியிருக்கும் இவரை இனி வைத்துக்கொள்ள இயலாது. மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும்.' இப்படிப்பட்ட கடிதங்களைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் கெஞ்சிய அக்கா, தன் கையால் எழுதிய முதல் கடிதம் இதுதான். பொய் என்று தெரிந்தால் வேலை போகும். நிஜம் என்று நம்பினாலோ, கணவர் போனபின் தனியாக இருக்கும் பெண் வீட்டில் நான்கு வருடமாக ஓர் ஆண். இரண்டே நாளில் அலுவலகம் முழுக்க முணுமுணுப்பு.

"கண்டபடி பேசுறாங்கக்கா."

"பேசட்டும், அவங்களுக்கும் பொழுது போகணும்ல. எனக்கு அசதியா இருக்கு தம்பி. வெக்கப்படக்கூடத் தெம்பில்ல."

கடிதத்தோடு வீட்டைப் பார்வையிட்ட படிவமும் வேண்டும். தன் வீட்டைத் தானே பார்வையிட முடியாதென்பதால் என்னை அனுப்பினார்கள். நானும் கூட்டுக் களவாணி ஆனேன். தங்கியிருப்பவர் உடனிருக்க வேண்டும் என்பது விதி. துவைத்த சட்டையோடு பெயிண்டர் வாசலில் நின்றிருந்தார். நான்கு வருடமாகத் தன் கடிதங்கள் வந்து விழுந்த வீட்டை அவர் அன்றுதான் பார்க்கிறார். மனுதாரரை வீட்டுக்குள் விடக்கூடாது என்று எங்களுக்குள் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. அதை அக்கா ஒருநாளும் மீறியதில்லை.

உள்ளே வந்ததும் பெயிண்டர் பழக்கதோஷத்தில் சுவரைத் தடவினார்.

"அடியில ஈரம் ஏறுதும்மா. சொரண்டிட்டுத்தான் பூசணும்."

படிவத்தில் ஏழாவது கேள்வி, படுக்கும் இடம் எது. படித்துக் காட்டினேன். அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். ஜன்னலோரம் அடுக்கியிருந்த பழைய செய்தித்தாள் கட்டுகளை நகர்த்தித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைக் காட்டினார்.

"இங்கதான்."

பெயிண்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்.

"நல்ல எடம்மா. காத்து வருது. நல்லாத் தூங்கியிருப்பேன்."

நான் படிவத்தில் 'ஜன்னலோரம்' என்று எழுதிக்கொண்டேன். அக்கா சமையலறைக்குள் போய்விட்டார்.

இருபத்தோராம் நாள் தரைத்தள அறை கிடைத்தது. சாவி கொடுத்த செய்தியைச் சொன்னதும் அக்கா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டே, "நாலு வருஷமா அந்த எடத்துல பழைய பேப்பரப் படுக்க வெச்சிருந்தேனே தம்பி" என்றார்.