அடுப்பு எரிந்தது பிழையில்லை

எங்கள் அன்புக்குரிய அண்ணா, கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலூர் ஒன்றில், ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் நான் ஒருத்திதான். இன்று அவருடைய முப்பத்தோராம் நாள். எங்கள் வளவுக்கு வந்து, கதிரையில் இருந்து, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கச்சியாகிய நான் சில விடயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மலருக்குப் பொறுப்பாக இருந்த சித்தப்பாவுக்கு நான் எழுதப்போவது பிடிக்கவில்லை. "தேவாரம் போடுவம், பிறப்பு வளர்ப்பு எழுதுவம், நன்றி சொல்லுவம். காருக்குப் பில்ரர் மாத்துற கதையெல்லாம் மலரில எழுதுறதோ, பிள்ளை?" என்று கேட்டார். "எழுதத்தான் வேணும். இல்லாட்டி வேற ஆளைப் பாருங்கோ" என்றேன். என் வாய் எப்படிப்பட்டது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அண்ணா எனக்கு நேரெதிர். இரண்டு பேருக்கும் உரிய பொறுமையை அவருக்கும், இரண்டு பேருக்கும் உரிய வாயை எனக்கும் கடவுள் கொடுத்துவிட்டார் என்று அம்மா சொல்லுவா. பள்ளிக்கூடத்தில் யாராவது அவருக்கு அடித்தால் நான்தான் போய்ச் சண்டை பிடிப்பேன். அவர் எட்ட நின்று, "விடு பிள்ளை, விடு" என்பார். அடி வாங்கியவர் அவர், ஆத்திரம் எனக்கு. பெரியவர்களான பின்பும் இது மாறவில்லை.

ஐயா வயல் செய்து மிச்சம் பிடித்து ஒரு பழைய சாம்பல் நிறக் கார் வாங்கினார். ஐயா காலமான பிறகு அண்ணா அதை வாடகைக்கு ஓட்டி எங்களைப் பார்த்தார். என்னை உப்புக்குளத்தில் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். கலியாணத்தன்று அந்தக் காரிலேயே என்னைக் கூட்டிவந்து இறக்கிவிட்டு, முன்பக்கப் பொனற்றைத் திறந்து எதையோ பார்ப்பது போல நின்று அழுதார். பிறகு அண்ணாவும் மணம் முடித்தார். எனக்கு மச்சாள் வந்தா. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள்.

பிறகு சண்டை வந்தது. எங்கள் தீவுக்கு வரும் பாலத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். இடையில் கடலை விட அதிகமாகச் சென்றிகள், ஆமியின் காவல் நிலைகள். பாஸ் எடுத்துப் பார்க்கப் போன தடவைகளை விரல் விட்டு எண்ணலாம். மற்ற நாட்களில் வானத்தில் குண்டு போடும் பொம்பர் போகும் சத்தம் கேட்டால், "அண்ணா வீட்டுப் பக்கம்தானே போகுது" என்று முற்றத்துக்கு ஓடுவேன். அந்தப் பதற்றத்தோடுதான் பல வருடம் சோறு தின்றோம்.

அந்தப் பக்கத்துக்கு ஆமி பெற்றோல் விடாது. அதனால் அங்கே ஓடிய கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சேலைன் போத்தல் ஒன்றில் மருந்து போலப் பத்திரப்படுத்திய பெற்றோலில் நாலு சொட்டு விட்டு இயந்திரத்தை எழுப்ப வேண்டும். அது எழும்பிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு, காசநோய்க்காரர் மாதிரி இருமிக்கொண்டு ஓடும். அப்படி இருமிய காரில்தான் அண்ணா பிள்ளைப்பெறுகாரிகளையும் ஷெல் பட்டவர்களையும் பாம்பு கடித்தவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். இந்தப் பந்தலில் இருக்கும் சில பிள்ளைகள் அந்தக் காரின் பின் சீற்றிலேயே பிறந்தவர்கள். நான் பெயர் சொல்லத் தேவையில்லை, தாய்மாருக்குத் தெரியும்.

பீப்பாக்களில் கைமாறிக் கைமாறி வந்த அந்த மண்ணெண்ணெயில் சேறும் துருவும் கலந்திருக்கும். அது காரின் இயந்திரத்துக்குள் போகாமல் தடுப்பது பில்ரர். இரண்டு றப்பர்க் குழாய்களுக்கு நடுவில் கிளிப் போட்டுப் பூட்டிய, உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும். புதிது கிடைக்காது. அண்ணா பழையதைக் கழற்றி, வாயால் ஊதி, மண்ணெண்ணெயிலேயே கழுவித் திரும்பப் பூட்டுவார். "உங்களைக் கிட்ட வந்து கொஞ்சினால் பிள்ளையளுக்குத் தலை சுத்துது" என்று மச்சாள் பகிடி பண்ணுவா.

இந்த வேலையை அவர் எங்கே செய்தார் என்பதைக் கவனியுங்கள். வெட்டை வெளியில் காரை விட்டால் மேலிருந்து பொம்பர்காரன் காண்பான். அதனால் அந்த ஊரில் எல்லோரும் செய்தது போல, குசினிச் சுவரோடு சேர்த்துப் பின்னிய ஓலைக் கிடுகால் ஓர் ஒத்தாப்பு, சாய்வான கொட்டகை ஒன்று, இறக்கி அதற்குள் காரை மறைத்து வைத்திருந்தார். சுவர் என்றாலும் அதுவும் கிடுகு மறைப்புத்தான். மறைப்புக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரியும், இந்தப் பக்கம் அண்ணா பில்ரர் கழற்றுவார். மண்ணெண்ணெய் நிலத்தில் ஒழுகும். ஒன்றும் நடக்காது. சாதாரணமாக மண்ணெண்ணெய் அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது. திரி போட்டால்தான் எரியும். பத்து வருடத்துக்கு மேல் அப்படியே செய்து அவருக்குக் கை பழகிவிட்டது.

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்ததும் அண்ணா குடும்பத்தோடு காரிலேயே பாலம் தாண்டி எங்கள் வளவுக்கு வந்தார். நான் றோட்டில் நின்று ஊர் கேட்க அழுதேன். எல்லோரும் உயிரோடு வந்துவிட்டார்கள், இனி எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தேன். எங்கள் பின்வளவில் அவர்களுக்கு ஒரு கொட்டில் போட்டோம். கொட்டிலின் குசினியை ஒட்டி அண்ணா முதல் வேலையாக ஓர் ஒத்தாப்பு இறக்கினார்.

"இஞ்ச ஆர் அண்ணா குண்டு போடப் போறாங்கள்? அங்கால மர நிழலில விடுங்கோவன்" என்று நான் சொன்னேன்.

"கிடக்கட்டும் பிள்ளை. காருக்கு வெயில் படாது" என்று சிரித்தார்.

அடுத்த நாள் ரவுணுக்குப் போய்த் தாங்கி நிறையப் பெற்றோல் அடித்துக்கொண்டு வந்தார். வாசலில் காரை நிறுத்தி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். "சத்தத்தைக் கேளுங்கோ. இருமுதா? இருமேல்லை!" என்றார். சின்னப் பிள்ளையின் காய்ச்சல் இறங்கியது போல அவருக்கு மகிழ்ச்சி. பிள்ளைகளை ஏற்றி ஓலைத்தொடுவாய்க் கடற்கரை வரைக்கும் போய் வந்தார். மச்சாளை முன் சீற்றில் இருத்தித்தான் போனார். அவ வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு போனா.

இரண்டு மூன்று கிழமைக்குள் கார் இழுவைப்பட்டது. ஏறு பாதையில் நிற்கப் பார்க்கும். ஏன் என்று பிறகுதான் கராஜ்காரர் எனக்கு விளங்கப்படுத்தினார். மண்ணெண்ணெய் தாங்கியின் அடியில் படிய விட்டிருந்த பசையை எல்லாம் பெற்றோல் கரைத்துக் கொண்டுவந்து பில்ரரில் சேர்த்திருக்கிறது. அண்ணாவும் பில்ரர்தான் என்று பிடித்துவிட்டார். ரவுணில் புதுப் பில்ரர் ஒன்றைப் பெட்டியோடு வாங்கிவந்து எல்லோருக்கும் காட்டினார். "பெட்டியோட பில்ரர் கண்டு எத்தினை வருசம்!" என்றார்.

அன்று காலை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். மச்சாள் குசினியில் உலை வைத்திருந்தா. நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றேன். அண்ணா எப்போதும் செய்வது போல ஒத்தாப்புக்குள் காரின் கீழே ஒரு தகரப் பேணியை வைத்து, பற்றரி வயரையும் கழற்றாமல், கிளிப்பைத் தளர்த்தினார். பேணிக்குள் விழுந்தது பாதி, மண்ணில் விழுந்தது பாதி. பெற்றோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாது. பாரமான ஆவி, நிலத்தோடு ஊர்ந்து போகும். அது கிடுகு மறைப்பின் கீழால் போய் அடுப்பைத் தேடிப் பிடித்தது. ஒரே ஒரு சத்தம்தான் கேட்டேன். திரும்பிப் பார்க்கும்போது ஒத்தாப்பு முழுக்க நெருப்பு.

இனி எழுதுவதைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். நான் வாளியோடு ஓடி வருவதற்குள் மச்சாள் அந்த நெருப்புக்குள் போய்விட்டா. அண்ணாவைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வெளியே போட்டு, ஈரச் சாக்கால் மூடி, அதன் மேல் விழுந்து படுத்து அணைத்தா. அவவுடைய இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்தது அப்போதுதான். அவ இழுத்திருக்காவிட்டால் அண்ணா அந்த இடத்திலேயே முடிந்திருப்பார். பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் அப்பாவோடு கதைத்ததும், அவர் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அந்தக் கைகளால் கிடைத்தவை.

செத்தவீட்டில் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே சிலர் என்ன கதைத்தீர்கள் என்பது என் காதில் விழுந்தது. "புருசன் பெற்றோல் வேலை செய்யேக்க பக்கத்தில அடுப்பு மூட்டினவள்." பெயர்களை நான் எழுதவில்லை. வாசிக்கும்போது சொன்னவர்களுக்குத் தெரியும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று பேசாமல் இருக்கலாம்தான், ஆனால் அந்தக் கதை உரியவவின் காதுக்கும் போய்விட்டது. அவவும் அதை நம்பிவிட்டா. அன்றிலிருந்து மச்சாள் அடுப்படிக்குப் போவதில்லை. நெருப்புப் பெட்டியைக் கண்டாலே எழும்பிப் போய்விடுகிறா.

ஆஸ்பத்திரியில் மச்சாள் வேறு வாட்டில் கிடந்த நேரம், அண்ணா கண் மூடுவதற்கு முன், என்னிடம் சொன்னதை இங்கே சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்.

"அடுப்பு எரிஞ்சது பிழையில்லை, பிள்ளை. வீடெண்டால் அடுப்பு எரியும். கையில கிடக்கிறது பெற்றோல் எண்டு எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியேல்லை. அது மண்ணெண்ணெய் எண்டு நினைச்சுப் போட்டுது. அவள் தன்னில பழியைப் போட்டுக்கொண்டு அழுவாள். நீ சொல்லு. விடாமல் சொல்லு."

சொன்னேன். எத்தனையோ தரம் சொன்னேன். "நீங்கள் என்னைத் தேத்துறதுக்குச் சொல்லுறியள்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறா. என் வாயால் சொன்னது ஏறவில்லை. அதனால்தான் சித்தப்பாவோடு சண்டை பிடித்து அச்சில் போடுகிறேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அண்ணாவுக்கு அது தொட்டிலில் வந்த பழக்கமும் இல்லை. சண்டை பழக்கிவிட்ட பழக்கம். பத்து வருடம் குண்டுக்குத் தப்பிய மனிதர், குண்டுக்கு மறைந்த பழக்கத்தால் போய்விட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. யாரில் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

உங்களில் பலருடைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவைதான். இனி அவற்றிலும் பில்ரர் அடைக்கும். வீட்டில் மாற்றுவது குற்றமில்லை. ஆனால் வண்டியை வெட்டைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். இப்போது மேலே பார்த்து ஒளிக்கத் தேவையில்லை. அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கிட்ட இருக்கக் கூடாது, பிள்ளைகளும் எட்ட நிற்கட்டும். இயந்திரம் நன்றாக ஆறட்டும். பற்றரி வயரை முதலில் கழற்றுங்கள். தாங்கியின் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் அமுக்கத்தைப் போக விட்டு மூடுங்கள். தாங்கியிலிருந்து வரும் குழாயை இறுக்கிப் பிடித்துக் கட்டிவிட்டு, கீழே ஏந்தி, துணியைச் சுற்றிக்கொண்டு, கிளிப்பை மெதுவாகத் தளர்த்துங்கள். வாய் வைத்து ஊதவோ உறிஞ்சவோ வேண்டாம். புதுப் பில்ரரில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது இயந்திரத்தின் பக்கம் பார்க்க வேண்டும். கிளிப் நைந்திருந்தால் புதிதைப் போடுங்கள். சிந்தியதைத் துடைத்து, அந்தத் துணியை வெளியே காற்றில் விடுங்கள், அடுப்பங்கரையில் காயப்போட வேண்டாம். ஏந்திய பெற்றோலை உடனே இறுக மூடி எட்ட வையுங்கள். குழாயின் கட்டை அவிழ்த்து, எங்கேயும் கசிகிறதா என்று பார்த்து, மணம் முழுக்கப் போன பின்தான் பற்றரி வயரைப் பூட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது பெற்றோலைப் பரப்பிவிடும். எல்லாம் கராஜ்காரரிடம் கேட்டு எழுதியது.

அண்ணாவைத் தன் வான் வண்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குப் பறந்த பக்கத்து வளவு முஸ்லிம் பெரியவர் நானாவுக்கு எங்கள் குடும்பம் நன்றியுடையது. அவரும் வருடக்கணக்காக அகதியாய் இருந்து அண்மையில்தான் திரும்பி வந்தவர். இரவு பகல் பாராமல் புண் கழுவிய தாதிமாருக்கும், வைத்தியர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், கிரியைகள் செய்த ஐயருக்கும் எங்கள் நன்றி.

மச்சாளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அதை நான் மட்டும் சொன்னால் போதாது. அவ கொட்டில் வாசலில் இருக்கிறா. கைப்புண் ஆறிவிட்டது. போவதற்கு முன் ஒவ்வொருவரும் அவவிடம் போய், "தேத்தண்ணி ஒண்டு தாங்கோ" என்று கேளுங்கள். நாங்கள் வேறு எங்கும் தேத்தண்ணி வைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டால் இல்லையென்று சொல்ல அவவுக்குத் தெரியாது. எழும்பித்தான் ஆக வேண்டும், அடுப்பை மூட்டித்தான் ஆக வேண்டும். நேரம் எடுக்கும். காத்திருந்து, அந்தக் கைகளாலேயே வாங்கிக் குடித்துவிட்டுப் போங்கள்.