சூசை அண்ணனின் குரல்

கீரனூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் போனில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பேராலயத்தில் படம்பிடித்த கச்சேரியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு பெருங்கூட்டம் எழுந்து நின்று ஆண்டவரின் சிலுவைப் பாடுகளைப் பாடுகிறது. நடுவே யாரோ இருமியதுகூடத் தெளிவாகக் கேட்டது. எனக்குச் சட்டென்று வீடியோ கேசட் உறையின் பிளாஸ்டிக் வாசனை வந்துவிட்டது. மூக்குக்கு ஏது காலக்கணக்கு.

ஆவூர்ப் பக்கம் நான் வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்த புதிது. மாதா கோயில் பாடகர் குழுவில் ஆண்குரல் குறைவு என்று என்னையும் இழுத்துப் போட்டிருந்தார்கள். என் குரலின் லட்சணம் முன்பே தெரிந்திருந்தால் விட்டிருப்பார்கள். அந்தத் தவக்காலத்தில் நாங்களும் பாடுகளை நடிப்பில்லாமல், பாட்டாலேயே முழுக்கச் சொல்வது என்று நாலு குரலில் பாடினோம். எல்லாருக்கும் கீழே ஓடும் பேஸ் குரல் சூசை அண்ணனுடையது. கடலை விவசாயி. அவர் வாயைத் திறந்தால் நாங்கள் நின்ற பலகை அதிரும்.

அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. அதற்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் அவர் மனைவி ஞானம் அக்கா, ஒரு கல்யாண வீடியோக்காரரைக் கூட்டிவந்து அன்றைய பாட்டைப் படம் எடுக்கச் சொன்னார். அந்தக் குரலைப் பிடித்துவைக்க வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்து அண்ணன் வீடு திரும்பிய பின் ஒரு ஞாயிறு மத்தியானம். வீடியோக்காரரே கேசட்டைக் கொண்டுவந்து வாடகை டெக்கில் போட்டார். குழு முழுக்க அண்ணன் வீட்டில்தான். திரையில் எங்கள் தலைகள் ஒரு ரோஜாப்பூவுக்குள்ளிருந்து சுழன்று வந்தன. ஆண்டவர் சிலுவை சுமக்கும் இடத்தில் கெட்டிமேளம் கொட்டியது.

"வெறும் பாட்டா இருந்துச்சுங்க. அதான் கொஞ்சம் மியூசிக் ஏத்திவிட்டேன்," என்றார் வீடியோக்காரர். எல்லாக் கல்யாணத்துக்கும் செய்வதைத்தான் செய்திருந்தார், பாவம்.

"அப்ப நாங்க பாடுன சத்தம்?" என்றேன்.

"அத அழிச்சுட்டுத்தாங்க ஏத்த முடியும்."

அண்ணனை நிமிர்ந்து பார்க்க எங்களில் யாருக்கும் தைரியமில்லை. ஞானம் அக்கா எழுந்துபோய் டிவி சத்தத்தை அடியோடு குறைத்தார். "வாய் தெரியுதுல்ல. நீங்க பாடுங்க," என்றார்.

பாடினோம். திரையிலிருந்த எங்கள் வாய்களைப் பார்த்து, அவற்றோடு சேர்ந்து நாங்களே பாடினோம். (என் வாய் அங்கேயும் பிந்தித்தான் திறந்தது.) கல்லறையில் வைக்கும் இடம் வந்தது. அங்கே பேஸ் மட்டும் தனியாக வரவேண்டும். திரையில் அண்ணன் வாயைத் திறந்தார். வீட்டில் சத்தமில்லை.

அப்போது ஞானம் அக்கா பாடினார். குழுவில் ஒருநாளும் நின்றறியாதவர். அதே வரியை மேலே, பெண்குரலில் எடுத்தார். ஒவ்வொரு சொல்லும் திரையிலிருந்த வாயில் போய்ப் பொருந்தியது. அண்ணன் எங்கே மூச்சு விடுவார் என்பதுவரை அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. ஓரிடத்தில் அக்கா அவசரப்பட்டார். அண்ணன் ஒரு விரலைத் தூக்கி, மெதுவாக இறக்கினார். அக்காவும் நிதானத்துக்கு வந்தார்.

"எப்பக்கா படிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க படிச்சேன். தண்ணி பாய்ச்சையில, கடலை காயப்போடையில, ஓயாமப் பாடுனா காதுல விழாம எங்கிட்டுப் போகும்?"

டெக்கெல்லாம் பழைய இரும்புக்குப் போயாயிற்று. கேசட் நாடாவில் பூசணம் பூத்துவிட்டது. அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கல்லறைப் பாட்டை இப்போது மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். அக்காவின் குரல்தான் வருகிறது. அண்ணன் குரல் எப்படியிருந்தது என்று எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை.