பிரிக்க முடியாத இரண்டு கூட்டம்

கிடங்கில் அவளைக் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். புள்ளியியல் படித்தவள். எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏற வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. பெட்டிக்கு டேப் ஒட்டும் பிரிவில் நாத்தனாரைச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

வேலைநிறுத்தப் பேச்சு கிளம்பியதும் மேலாளர் கூப்பிட்டார். யார் யாரை வாக்கி-டாக்கியில் அழைத்தார்கள் என்ற பதிவு அவரிடம் இருந்தது.

"யாரு யாரோட ஒட்டுறாங்கன்னு பாத்து ரெண்டா பிரிச்சுக் குடும்மா. ஸ்ட்ரைக் பண்ணப் போற கூட்டம் தனியா தெரிஞ்சிடும்."

அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். ஒரு கூட்டம் வந்தது. மறுபடி ஓட்டினால் வேறு கூட்டம். சந்தேகம் தட்டியது. கற்பனை ஆட்களை உருவாக்கி, அவளே இரண்டு கட்சியாகப் பிரித்து, கிடங்கில் உள்ள அளவுக்கே அழைப்புகளைத் தூவிப் பார்த்தாள். கம்ப்யூட்டரின் ஊகம் பூவா தலையாவுக்கு மேல் தேறவில்லை.

"சார், அழைப்பே கொஞ்சம். அதுலயும் தன் ஆளோட பேசுறதும் மத்தவங்களோட பேசுறதும் கிட்டத்தட்ட ஒண்ணு. இந்த அளவுக்குக் கீழ போயிட்டா, கூட்டம் நிஜமா இருந்தாலும் எந்த மெஷினாலயும் கண்டுபிடிக்க முடியாது. நிரூபிச்ச விஷயம் சார்."

"ரெண்டு தடவையும் பேர் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. வேற வேற பேரு."

"அப்ப ஏதாவது ஒண்ண எடு."

அவள் மறுத்தாள். பக்கத்து இருக்கைக்காரன் ஓட்டிக் கொடுத்தான். அதில் பேர் வந்து வேலை போனவர்களில் நாத்தனாரும் ஒருத்தி. அவள் வாக்கி-டாக்கியில் பேசியதெல்லாம் டேப் தீர்ந்துபோச்சு என்பது மட்டும்தான்.

வீட்டில் நாத்தனாரிடம் சொன்னாள்: "அந்தப் பேர நான் குடுக்கல."

"விடுங்க அண்ணி. கம்ப்யூட்டரு தானா பேர் சொல்லுமா?"

"சொல்லும். எதக் கேட்டாலும் எதையாவது சொல்லும்."

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னான்: "அவ பேர மட்டுமாவது எடுக்கச் சொல்லியிருக்கலாம்."

"எடுத்தா அந்த இடத்துல இன்னொருத்தி போயிருப்பா."

"போகட்டுமே."



வேலைநிறுத்தம் எப்படியும் நடந்தது. நடத்தியவன் லாரியில் பெட்டி ஏற்றுகிற ஒருவன்; அவனைக் கம்ப்யூட்டர் நல்ல கூட்டத்தில் வைத்திருந்தது. மேலாளர் அசரவில்லை. "பரவாயில்ல, பாதியாவது சரியாச் சொல்லியிருக்கு" என்றார்.

வேலைநிறுத்தம் முடிந்து அதில் இறங்கியவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அவள் சாப்பாட்டு மேசைக்கு வந்தால், பேர் கொடுத்தவள் என்று ஒரு கூட்டமும், மேலாளரை எதிர்த்தவள் என்று மற்றக் கூட்டமும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்.